பஞ்சப்படி: ரூபாய்க்கு எத்தனை சேர்?

வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் வீட்டில் ஒரே பேச்சு நடக்கும். ஓய்வுபெற்ற அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பஞ்சப்படி ஏத்தியிருக்கான், பாத்தியா?" என்பார். "டி.ஏ.வாப்பா?" என்பேன் நான். அரசாணையைத் திறந்து பார்த்தால் அதில் "அகவிலைப்படி" என்று இருக்கும். ஒரே பணத்துக்கு மூன்று பெயர். அப்பா சொல்கிற பெயரில் பஞ்சம் இருக்கிறது. அரசு சொல்கிற பெயரில் அகவிலை, அதாவது தானிய விலை இருக்கிறது. நான் சொல்கிற இரண்டு எழுத்தில் ஒன்றுமே இல்லை.

இந்த மூன்று பெயரையும் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் எங்கே போய் நிற்போம் என்று பார்க்கலாம்னு தோன்றியது. போனேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவிலேயே பாதிக் கதை கிடந்தது. அந்தக் காலத்துத் தென்னார்க்காடு ஜில்லா, மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸ், சிதம்பரம் தாலுகா நெல், புனித டேவிட் கோட்டை எல்லாம் இதில் வருகின்றன.

படி என்பது முதலில் ஒரு பாத்திரம்

"படி" என்றால் அளக்கிற படி. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். வேலைக்காரனுக்குத் தினமும் தானியம் அளந்து கொடுப்பது படியளப்பது. கடவுளைக்கூட நாம் படியளக்கிறவன் என்றுதான் சொல்கிறோம். தென்னார்க்காட்டிலும் தஞ்சைப் பக்கத்திலும் பண்ணையில் நிரந்தரமாக வேலை செய்தவருக்குப் படியாள் என்று பெயர். அந்தப் பெயரிலேயே அவருடைய சம்பளம் எந்த வடிவில் வந்தது என்பது இருக்கிறது.

ஆங்கிலேயர்கள் இதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்திருந்தார்கள்: பேட்டா. இன்றைக்கும் லாரி டிரைவருக்கும் சினிமா துணை நடிகருக்கும் தருகிறார்களே, அதே பேட்டாதான். கம்பெனிக் காலத்தில் படை வெளியூர் கிளம்பினால் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் தருகிற கூடுதல் காசு அது. கோர்ட்டுக்கு வருகிற சாட்சிக்கும் ஜெயிலில் இருக்கிற கைதிக்கும் சாப்பாட்டுக்காகத் தருகிற காசுக்கும் அதே பெயர்தான். ஆங்கிலோ இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி, இதன் வேரைத் தேடிப் போய்க் கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் "பத்த" என்ற சொல்லைக் காட்டுகிறது. ஆக இந்தப் பக்கம் போனாலும் நெல், அந்தப் பக்கம் போனாலும் நெல்.

இதில் ஒரு பொருளாதார விஷயம் ஒளிந்திருக்கிறது. நெல்லாகச் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பஞ்சப்படி தேவையே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கு ஆளுக்கொரு பங்கு வைத்திருக்கிறான். பங்கு ஒன்றுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். நெல் விலை ஏறட்டும் இறங்கட்டும், 100 கலம் 100 கலம்தான். விலைவாசிக் குறியீட்டெண் என்ற ஒன்றை யாரும் கண்டுபிடிப்பதற்கு எண்ணூறு ஒன்பதூறு வருஷம் முன்பே அந்தச் சம்பளம் குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டிருந்தது. கூலியைக் காசாக மாற்றிய பிறகுதான் சிக்கல் வருகிறது.

ஐந்து பவுன் சம்பளம்

1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சி மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுகிற எல்லை வரைக்கும் நிலம் கம்பெனிக்கு என்பது பேரம். அப்படி வந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றே சொல்வார்கள். கோட்டைக்குப் புனித டேவிட் என்று பெயர் வைத்தார்கள். 1746ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும் இந்தக் கடலூர்க் கோட்டைதான் தென்னிந்தியாவில் கம்பெனிக்குத் தலைமையிடம். 1752 வரை அப்படித்தான் இருந்தது.

அப்போது சென்னையிலிருந்து தப்பி இங்கே ஓடிவந்தவர்களில் ஒரு இளைஞன் ராபர்ட் கிளைவ். 1744ல் "ரைட்டர்" வேலைக்கு வந்தவன். ரைட்டர் என்றால் எழுத்தர், நம் பாஷையில் குமாஸ்தா. வருஷச் சம்பளம் ஐந்து பவுன். மாசத்துக்கு இல்லை, வருஷத்துக்கு! அதில் யாரும் வாழ முடியாது என்பது கம்பெனிக்கும் தெரியும். சாப்பாட்டுப் படி, வீட்டுப் படி என்று சில்லறையாகக் கொஞ்சம் கொடுத்தது. மீதிக்குச் சொந்த வியாபாரம் பண்ணிக்கோ என்று கண்ணை மூடிக்கொண்டது. கிளைவ் 1749ல் படைகளுக்கு உணவுப் பொருள் வாங்கித் தரும் கமிசரி வேலையைப் பிடித்தார். வாங்குகிற சரக்கில் கமிஷன். அவருடைய முதல் சொத்து அங்கிருந்துதான் வந்தது. 1756ல் அதே புனித டேவிட் கோட்டைக்குக் கவர்னராக வந்து உட்கார்ந்தார்.

அந்த ஐந்து பவுன் என்ற தொகைக்கு இன்னொரு ஊரிலும் ஒரு கதை உண்டு. 1707ல் வில்லியம் ஃப்ளீட்வுட் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு புத்தகம் எழுதினார். கல்லூரி ஒன்றின் பழைய விதி: வருஷத்துக்கு ஐந்து பவுனுக்கு மேல் வெளி வருமானம் உள்ளவர் அங்கே உறுப்பினராக இருக்கக் கூடாது. விதி எழுதியது பதினைந்தாம் நூற்றாண்டில். இருநூற்றைம்பது வருஷம் கழித்தும் அதே ஐந்து பவுனா என்பது கேள்வி. ஃப்ளீட்வுட் தானியம், இறைச்சி, பானம், துணி ஆகியவற்றின் பழைய விலைகளைத் தேடி எடுத்து, அன்றைக்கு ஐந்து பவுன் எவ்வளவு வாங்கியதோ அவ்வளவும் இன்றைக்கு வாங்க எத்தனை பவுன் வேண்டும் என்று கணக்குப் போட்டார். விலைவாசிக் குறியீட்டெண்ணின் முன்னோடி என்று பொருளியல்காரர்கள் இந்தப் புத்தகத்தைத்தான் காட்டுவார்கள். லண்டனில் புத்தகம் வந்து முப்பத்தேழு வருஷம் ஆன பிறகும் கம்பெனி தன் குமாஸ்தாவுக்கு ஐந்து பவுன்தான் கொடுத்துக்கொண்டிருந்தது.

கடலூரில் சரக்குக் கமிஷனில் வளர்ந்த அதே கிளைவ், பின்னாளில் வங்காளத்தில் போய் அடுத்தவர் படியை வெட்டினார் என்பது சரித்திரத்தின் குறும்பு. அங்கே ராணுவ அதிகாரிகள் இரட்டைப் பேட்டா வாங்கிக்கொண்டிருந்தார்கள். லண்டன் மேலிடம் நிறுத்தச் சொன்னது. கிளைவ் 1766 ஜனவரி முதல் நிறுத்தினார். அதிகாரிகள் கூட்டாகச் சதி செய்து மொத்தமாக ராஜினாமா கொடுக்கக் கிளம்பினார்கள். கிளைவ் சென்னையிலிருந்து ஆள் வரவழைத்து அதை உடைத்தார். இந்தியாவில் படிக்காக நடந்த பெரிய போராட்டங்களில் இது ஆரம்பக்கட்டம். நடத்தியவர்கள் வெள்ளைக்காரர்கள்.

மேரை போய் ரொக்கம் வந்தது

கீழே கிராமத்துக்கு வருவோம். கம்பெனிக்கு முன்பு கிராமத்து மணியக்காரர், கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான் ஆகியோருக்கு மாசச் சம்பளம் கிடையாது. மான்யமாகக் கொஞ்சம் நிலம், அறுவடைக் களத்தில் மேரையாகக் கொஞ்சம் நெல். களத்தில் எல்லாருக்கும் முன்னால் அளக்கிற பங்கு அது. விளைச்சல் குறைந்தால் பங்கும் குறையும். ஆனால் நெல் விலை ஏறிவிட்டதே என்று தலையாரி கவலைப்பட வேண்டியதில்லை. அவர் கையில் இருந்ததே நெல்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் சென்னை மாகாண அரசு இந்த ஏற்பாட்டைப் படிப்படியாக மாற்றியது. மேரையை நிறுத்திவிட்டு, நிலவரியோடு ஒரு கிராம வரியை வசூலித்து, அதிலிருந்து ரொக்கச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. கணக்கு எழுத வசதி, தணிக்கைக்கு வசதி. அரசின் பார்வையில் இது சீர்திருத்தம். தலையாரியின் பார்வையில் வேறு ஒன்று நடந்தது: விலை ஏறினால் யாருக்கு நஷ்டம் என்ற பாரம் அரசிடமிருந்தும் ஊரிடமிருந்தும் நழுவி அவர் தலையில் வந்து உட்கார்ந்தது. மாசம் இத்தனை ரூபாய் என்று எழுதியாகிவிட்டது. அந்த ரூபாய் எத்தனை படி அரிசி வாங்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

அந்தக் கேள்விக்குத் தாது வருஷம் பதில் சொன்னது.

தாது வருஷம்

1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். சென்னை மாகாணத்தின் உள் மாவட்டங்களை அது சுடுகாடாக்கியது. தென்னார்க்காடு சேலம் அளவுக்கு அடிபடவில்லை என்றாலும் தப்பவும் இல்லை. வடக்கே மரக்காணத்தில் வந்து முடிகிற பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதி இந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.

அந்த நிவாரண வேலைக்கான கூலி என்ன? 1877 ஜனவரியில் மத்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தது: நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் அதற்கு மேல் ஒரு அணாவும். ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், இது உழைக்கிற உடம்புக்குப் போதாது என்று புள்ளிவிவரத்தோடு எதிர்த்தார். சிறைக் கைதிக்குத் தருகிற உணவைவிடக் குறைவு என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. சண்டை நடந்து, பிறகு கூலி உயர்ந்தது.

இந்த வாதத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு மனிதன் உயிரோடு வேலை செய்ய எவ்வளவு தானியம் வேண்டும் என்று நம் பக்கத்தில் ஒரு அரசு எண்ணில் விவாதித்த இடம் அது. பின்னால் வந்த பஞ்சப்படிக் கணக்குகளுக்கெல்லாம் அடியில் கிடக்கிற கேள்வியும் அதுதான். அப்பா வாயில் வருகிற "பஞ்சம்" சும்மா ஒட்டிக்கொண்ட வார்த்தை இல்லை.

பியூனுக்குத் தானியம், துரைக்கு நாணயம்

பிரிட்டிஷ் இந்திய அரசு தன் கடைநிலை ஊழியர்களுக்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. தானிய ஈட்டுப்படி என்று தமிழில் சொல்லலாம். அன்றைக்கு விலையைச் சொல்கிற முறை இன்றைக்கு நேர் தலைகீழ். "அரிசி கிலோ இத்தனை ரூபாய்" என்று நாம் சொல்கிறோம். அன்றைய அரசு அறிக்கைகளில் "ரூபாய்க்கு இத்தனை சேர்" என்று இருக்கும். எண் பெரிதாக இருந்தால் சல்லிசு, சிறிதாக இருந்தால் கிராக்கி. அந்த எண் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் டவாலி, காவல்காரர், கடைநிலைச் சிப்பந்தி ஆகியோருக்குக் கொஞ்சம் கூடுதல் காசு. விலை பழைய நிலைக்கு வந்ததும் படி நின்றுவிடும். இது உரிமை இல்லை, சலுகை. சம்பளத்தில் சேராது.

இதே காலத்தில் மஞ்சக்குப்பத்தில் இருந்த கலெக்டர் துரைக்கும் ஒரு பஞ்சம் வந்தது. அவருக்கு அரிசி விலையால் கஷ்டம் வரவில்லை, வெள்ளி விலையால் வந்தது. ரூபாய் வெள்ளி நாணயம், பவுன் தங்கம். உலகச் சந்தையில் வெள்ளி விலை விழ விழ ரூபாயும் விழுந்தது. 1870களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட இரண்டு ஷில்லிங் இருந்த ரூபாய், 1894-95ல் ஒரு ஷில்லிங் ஒரு பென்னி அளவுக்கு வந்துவிட்டது. துரை மகனை இங்கிலாந்தில் படிக்க வைத்திருப்பார், துரைசாணி அங்கே இருப்பார், மாசாமாசம் பணம் அனுப்ப வேண்டும். அனுப்பினால் அங்கே குறைவாகப் போய்ச் சேருகிறது.

1893ல் அரசு இதற்கு ஒரு படி கொடுத்தது. நாணயமாற்று ஈட்டுப்படி. இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேறாத ஐரோப்பிய அதிகாரிகளுக்கு, சம்பளத்தில் பாதியை ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்னி என்ற சலுகை விகிதத்தில் கணக்கிட்டு, சந்தை விகிதத்தோடு வருகிற வித்தியாசத்தை அரசே ஈடுகட்டும். வருஷத்துக்கு 1,000 பவுன் வரை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? மாசம் 2,000 ரூபாய் வாங்கும் ஒரு அதிகாரி. பாதி என்றால் வருஷத்துக்கு 12,000 ரூபாய். சலுகை விகிதத்தில் 900 பவுன். சந்தையில் ரூபாய் 14 பென்னி என்று வைத்துக்கொண்டால் 700 பவுன். வித்தியாசம் 200 பவுன், அதாவது சுமார் 3,400 ரூபாய். மாசத்துக்கு 280 ரூபாய்க்கு மேல் ஈட்டுப்படி! அவர் அறை வாசலில் நிற்கும் பியூனின் சம்பளம் அப்போது ஏழெட்டு ரூபாய்தான். துரைக்கு வந்த உயர்வில் முப்பது பியூன்களுக்கு மேல் சம்பளம் கொடுத்திருக்கலாம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த 280 ரூபாய் எங்கிருந்து வந்தது? நிலவரியிலிருந்து. சிதம்பரம் தாலுகாவில் வீராணம் பாசனத்தில் விளைந்த நெல்லை விற்றுக் கட்டிய கிஸ்தியிலிருந்து. 1893ல் லாகூரில் தாதாபாய் நவரோஜி தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இந்தப் படியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அன்றைய காங்கிரஸில் வக்கீல்களும் பத்திரிகைக்காரர்களும்தான் அதிகம். ஆனாலும் வரி கட்டுகிறவன் காசில் யாருடைய வாழ்க்கைச் செலவு ஈடுகட்டப்படுகிறது என்ற கேள்வியைப் பிடித்துவிட்டார்கள்.

பியூனுக்கு உயிர் பிழைக்க எவ்வளவு தேவை என்று கணக்கு. துரைக்குப் பழைய வாழ்க்கை குறையாமல் இருக்க எவ்வளவு தேவை என்று கணக்கு. ஒரே அலுவலகம், இரண்டு அளவுகோல். நடுவில் இருந்த குமாஸ்தாவுக்கு இரண்டுமே இல்லை. தானியப்படிக்கு அவர் சம்பளம் கொஞ்சம் அதிகம், நாணயப்படிக்கு அவர் தோல் கொஞ்சம் கருப்பு.

விலை இறங்கினால்?

முதல் உலகப் போர் முடிகிற சமயம் விலைவாசி தாங்க முடியாமல் போனது. 1918 செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகளும் துணிக் கடைகளும் சூறையாடப்பட்டன. மற்ற ஊர்களிலும் நடந்தது. அந்த வருஷங்களில்தான் நடுத்தர ஊழியருக்கும் போர்க்காலப் படி என்பது பேச்சுக்கு வருகிறது. பஞ்சப்படி பஞ்சத்துக்கு மட்டுமானதில்லை என்றாகிறது.

பத்து வருஷம் கழித்து எதிர்ப்பக்கம் நடந்தது. 1929க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது. தென்னார்க்காட்டின் பணப்பயிரான மல்லாட்டை (எங்கள் ஊரில் வேர்க்கடலைக்கு இதுதான் பெயர்) விலையும் விழுந்தது. விவசாயி கிஸ்தி கட்டக் கடன் வாங்கினான். மாசச் சம்பளக்காரர் மட்டும் ராஜா. அதே முப்பது ரூபாயில் முன்னைவிட அதிக அரிசி. பெண் வீட்டார் சர்க்கார் உத்தியோக மாப்பிள்ளையைத் தேடி அலைந்ததற்கு இந்த வருஷங்கள் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அரசு சும்மா இருக்குமா? 1931 டிசம்பரில் இந்திய அரசு தன் ஊழியர் சம்பளத்தில் பத்து சதவீதம் வெட்டியது. 1933ல் பாதியைத் திருப்பித் தந்தது. 1935ல்தான் முழுசாகத் திரும்பியது. விலை ஏறும்போது கோப்பு நகர வருஷங்கள் ஆகும். விலை இறங்கும்போது உத்தரவு சீக்கிரம் வந்துவிடும்.

கடலூருக்கு ஒரு எண்

இதுக்கப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வருகிறது. சென்னை மாகாண அரசு குறைந்த சம்பளக்காரர்களின் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணைச் சில ஊர்களுக்குத் தனித்தனியாகக் கணக்கிட்டு வெளியிட ஆரம்பித்தது. விசாகப்பட்டினம், ஏலூரு, மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், கோழிக்கோடு போன்ற ஊர்களோடு அந்தப் பட்டியலில் கடலூரும் உண்டு. அடிப்படை ஆண்டு 1935-36. அந்த வருஷத்துச் செலவை 100 என்று வைத்துக்கொண்டால் இன்றைக்கு எவ்வளவு என்பது எண்.

அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு, விளக்கெண்ணெய், துணி, வாடகை, வெற்றிலைபாக்கு வரைக்கும் ஒரு குடும்பத்தின் செலவை எடுத்து, எதற்கு எவ்வளவு பங்கு என்று எடை போட்டு, மாசாமாசம் சந்தை விலையைப் போட்டுப் பெருக்க வேண்டும். ஃப்ளீட்வுட் செய்த அதே வேலைதான். ரூபாய்க்கு எத்தனை சேர் என்ற ஒற்றைத் தானியக் கணக்கு போய், குமாஸ்தாவும் பியூனும் சட்டை போடுவார்கள், வாடகை கொடுப்பார்கள், வெற்றிலை போடுவார்கள் என்று அரசு காகிதத்தில் ஒத்துக்கொண்டது. சின்ன விஷயமா இது?

1942ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்த மாகாணம். அரிசி வரத்து நின்றது. போர்ச் செலவுக்கு அச்சடித்த நோட்டு ஒரு பக்கம், சரக்குத் தட்டுப்பாடு ஒரு பக்கம். ரேஷன் வந்தது, கூடவே கள்ளச்சந்தையும் வந்தது. போரின் தொடக்கத்தில் உணவு விலை உயர்வுக்கான படி என்று மிகக் குறைந்த சம்பளக்காரர்களுக்கு மட்டும் ஆரம்பித்தது, வருஷம் போகப்போக மேலே மேலே ஏறிப் பொதுவான பஞ்சப்படி ஆயிற்று.

குறியீட்டெண்ணிலும் ஒரு ஓட்டை இருந்தது. எண்ணைக் கணக்கிடக் கட்டுப்பாட்டு விலையை எடுத்தால் படி கம்மியாக வரும். ஆனால் அந்த விலைக்கு அரிசி கிடைக்கிறதா? ரேஷன் போக மீதியைத் தெருக்கோடியில் இருட்டில் வாங்கினால் அந்த விலை எந்தக் கணக்கில் வரும்? அன்றைய தொழிற்சங்கங்கள் நாடு முழுக்க எழுப்பிய வாதம் இது. ஒரு எண் வந்துவிட்டதால் சண்டை தீர்ந்துவிடவில்லை. சண்டை எண்ணுக்குள்ளே போய்விட்டது.

சிதம்பரம் பக்கம் போனால் காட்சி வேறு. 1929ல் பல்கலைக்கழகமான அண்ணாமலையில் பொருளியல் பேராசிரியராக இருந்த பி.வி. நாராயணசாமி நாயுடு, மல்லாட்டைச் சந்தையைப் பற்றியும் விவசாயக் கடன் நிவாரணச் சட்டத்தைப் பற்றியும் ஆய்வு நடத்தியவர். 1946ல் மாகாண அரசுக்காகக் கிராமக் கடன் பற்றி ஒரு அறிக்கையும் கொடுத்தார். போர்க்கால விலையேற்றம் கிராமத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்பதுதான் இந்த அறிக்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. விற்க நெல் வைத்திருந்த பெரிய மிராசுதார் கடனை அடைத்தார். நிலமில்லாத கூலிக்காரர் கடன் ஏறியது. கடலூர் குமாஸ்தாவின் துக்கமும் காட்டுமன்னார்கோயில் மிராசுதாரின் சந்தோஷமும் ஒரே மூட்டை நெல்லின் இரண்டு பக்கம்.

55 ரூபாய்

1946 ஜூலையில் தபால் தந்தி ஊழியர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த மாசம் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் இறங்கினார்கள். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாகப் போகிற வண்டிகள் அந்த ரயில்வேயின் வண்டிகள்தான். இந்தச் சூட்டில்தான் முதல் மத்திய ஊதியக் குழு வேலை செய்தது. தலைவர் சர் சீனிவாச வரதாச்சாரியார், சென்னை உயர் நீதிமன்றத்திலும் பிறகு ஃபெடரல் கோர்ட்டிலும் நீதிபதியாக இருந்தவர்.

1947 மே மாசம் குழு அறிக்கை கொடுத்தது. கடைநிலை ஊழியருக்கு மாசம் 55 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 30, பஞ்சப்படி 25. பாருங்கள், கிட்டத்தட்டப் பாதிச் சம்பளம் பஞ்சப்படி! விலைகள் கொஞ்ச நாளில் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையில் அடிப்படையைக் கீழே வைத்துவிட்டு, ஏற்றத்தைப் படியில் போட்டார்கள். விலை இறங்கவில்லை. தற்காலிகம் என்று வந்தது நிரந்தரமாயிற்று. குறியீட்டெண் ஏறினால் படியும் ஏறும் என்ற கயிறு மட்டும் அன்றைக்குக் கட்டியது கட்டியபடி இருக்கிறது.

அந்தக் குழு ஒரு காரியம் செய்தது. கீழே உள்ளவருக்குப் படி விகிதம் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. அரிசி விலை எல்லாருக்கும் ஒன்றுதானே என்ற தர்க்கம். 1890களின் மஞ்சக்குப்பத்துத் தர்க்கத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து ஐந்தாவது ஊதியக் குழு எல்லா மட்டத்துக்கும் முழு ஈடு என்று பரிந்துரைத்தது. இன்றைக்கு எல்லாருக்கும் ஒரே சதவீதம். சதவீதம் ஒன்று, ரூபாய் வேறு. செயலாளருக்கு வருகிற அகவிலைப்படி உயர்வு பெரிய தொகை, இரவுக் காவலருக்கு வருவது சின்னத் தொகை. இது நியாயம் என்பதற்கும் வாதம் உண்டு, இல்லை என்பதற்கும் உண்டு. எனக்கு அந்த 280 ரூபாயும் வாசலில் நின்ற பியூனும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறார்கள்.

படியாளின் பேரன்

இந்தக் கட்டுரையை இதோடு முடித்தால் அது குமாஸ்தாக்களின் கதையாக மட்டும் நின்றுவிடும். ஆரம்பத்தில் வந்த படியாள் என்ன ஆனார்?

1916ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்யச் சொன்னார். அந்தக் கிராமங்களில் ஒன்று தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு. 1930களில் மறு ஆய்வு, பிறகும் சில தடவை மறு ஆய்வு என்று ஒரே ஊரைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். படியாள் முறை தேய்ந்து, நாள்கூலி வந்து, ரொக்கம் வந்த கதை அதில் இருக்கிறது. படியாள் முறை நல்லது என்று யாரும் சொல்ல முடியாது. அது கடனால் கட்டிய அடிமைத்தனம். சாதி அதற்கு வேலி. அது ஒழிந்தது விடுதலைதான். ஆனால் நெல் போய் ரொக்கம் வந்தபோது தலையாரிக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தது. தலையாரிக்குப் பின்னால் ஒரு பஞ்சப்படி வந்து சேர்ந்தது. படியாளுக்கு வரவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் பஞ்சப்படி எழுதப்பட்டிருக்கிறது, உண்மை. வயலில் அது வந்து சேர்கிறதா என்பது கூலி வாங்குகிறவருக்குத் தெரியும்.

2020ல் கொரோனா வந்தபோது மத்திய அரசு மூன்று தவணை அகவிலைப்படியை நிறுத்தி வைத்தது. தமிழக அரசும் நிறுத்தியது. பிறகு விகிதத்தை உயர்த்தினார்கள். இடைப்பட்ட பதினெட்டு மாச நிலுவை இல்லை என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. அப்பா கோபப்பட்டார். நியாயமான கோபம். பஞ்சப்படி சம்பள உயர்வு இல்லை. ஏற்கனவே பேசிய சம்பளம் கரைந்து போகாமல் இருக்கப் போடுகிற அணை. அதை நிறுத்துவது சம்பளத்தை வெட்டுவதுதான், 1931 மாதிரி, ஆனால் வெட்டு என்ற பெயர் இல்லாமல்.

அன்றைக்கு எங்கள் தெருவில் குப்பை எடுக்க வருகிற ஒப்பந்தத் தொழிலாளி வாசலில் நின்றிருந்தார். அப்பா அவரிடம் பேச்சுக் கொடுத்தார். "உங்களுக்குப் பஞ்சப்படி எவ்வளவுப்பா?"

"அப்படின்னா என்னங்க ஐயா?" என்றார் அவர்.

அப்பா விளக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். நான் இந்தக் குறிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.